ஒப்புக்கொண்டால் உயிர், மறுத்தால் கயிறு

சேலம் என்றால் நமக்கு மாம்பழம் ஞாபகம் வரும். இரும்பாலை ஞாபகம் வரும். பழைய ஆசாமிகளுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ். ஓர் அமெரிக்கரிடம் 'சேலம்' என்று சொல்லிப் பாருங்கள்... துடைப்பத்தில் ஏறிப் பறக்கும் சூனியக்காரிதான் ஞாபகம் வருவாள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது அந்தச் சேலம். அங்கே போலீஸ் கார் சின்னத்திலேயே சூனியக்காரி உண்டு. உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு டீமுக்குப் பெயர் 'விட்ச்சஸ்'. நம்மூரில் ஒரு ஸ்கூல் கிரிக்கெட் டீமுக்கு 'பில்லி சூனியம் லெவன்' என்று பெயர் வைத்தால், மறுநாளே பாதிப் பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்!

இந்த வேடிக்கைக்கெல்லாம் அடியில் இருப்பது 1692-ல் நடந்த ஒரு பயங்கரம். ஜூன் 10-ம் தேதியிலிருந்து செப்டம்பர் 22-க்குள் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். 80 வயதை ஒட்டிய ஒரு கிழவரைப் படுக்க வைத்து, நெஞ்சின் மேல் கல் அடுக்கிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் ஜெயிலிலேயே செத்துப் போனார்கள். மாட்டிக்கொண்டவர்கள் மொத்தம் 150-க்கும் மேல். (உயிரோடு எரித்தார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இங்கிலீஷ் சட்டப்படி சூனியத்துக்குக் கயிறுதான்.)

ஏன் நடந்தது? சரித்திரப் பேராசிரியர்கள் அலமாரி அலமாரியாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். நான் சரித்திரம் படித்தவன் இல்லை ஸார், வெறும் பி.காம். 'எந்தச் செலவுக்கும் வவுச்சர் கேள்' என்பதுதான் எனக்குக் கல்லூரி சொல்லிக் கொடுத்த ஒரே வேதம். அந்த வேதத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேஸைப் படித்துப் பார்த்தேன்.

* * *

கதை, சேலம் டவுனில் ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் இருந்த சேலம் கிராமத்தில் (இப்போது அதன் பெயர் டேன்வர்ஸ்) ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ். பாஸ்டனில் வியாபாரம் செய்து அது சோபிக்காமல், மத போதனைக்கு வந்தவர். வருஷச் சம்பளம் 66 பவுண்டு. அதில் மூன்றில் ஒரு பங்குதான் ரொக்கம், பாக்கி தானியமாகவும் சாமானாகவும். விறகு தனித் தகராறு. 1691 அக்டோபரில் ஊர்க் கமிட்டி மாறியது. புதுக் கமிட்டி, 'இவருக்குச் சம்பளம் கொடுக்க வரி வசூலிக்க மாட்டோம்' என்று கையை விரித்துவிட்டது. பனிக்காலம். அடுப்புக்கு விறகில்லை என்று பாதிரியார் புலம்பும் நிலைமை.

1692 ஜனவரியில் அவர் வீட்டில் 9 வயது மகள் பெட்டிக்கும், உறவுக்காரப் பெண் 11 வயது அபிகேய்லுக்கும் ஏதோ வந்தது. கத்தினார்கள், முறுக்கிக்கொண்டார்கள், யாரோ கிள்ளுவதாக அலறினார்கள். வைத்தியர் பார்த்துவிட்டு, 'இது மருந்தில் தீராது, ஏவல் சமாசாரம்' என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு பரிகாரம் சொன்னாள். ரை என்ற தானிய மாவில் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைக் கலந்து, அடை மாதிரிச் சுட்டு, நாய்க்குப் போட வேண்டும். போட்டார்கள். (நாய் என்ன நினைத்தது என்று யாரும் குறித்து வைக்கவில்லை.)

பிப்ரவரி 29 அன்று மூன்று பெண்கள் மேல் வாரண்ட். பாதிரியார் வீட்டு அடிமை டிடுபா, பிச்சை எடுத்துப் பிழைத்த சேரா குட், வம்பில் அடிபட்ட சேரா ஆஸ்போர்ன். ஊரில் கேட்க நாதியில்லாதவர்கள். முதல் கல் எப்போதும் அந்தத் தெருவில்தான் விழும்.

டிடுபா முதலில் மறுத்தாள். பிறகு, 'ஆமாம், சாத்தானைப் பார்த்தேன். அவன் புத்தகத்தில் ஒன்பது பேர் குறி போட்டிருக்கிறார்கள்' என்றாள். போச்சு! மூன்று பேரைப் பிடித்தாயிற்று, மீதி ஆறு பேர் யார்? ஊரே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தது.

* * *

இனிமேல் காரணங்கள்.

ஒரு கட்சி, ரொட்டிக் கட்சி. 1976-ல் லிண்டா கேபோரயல் என்ற ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதினார். ரை தானியத்தில் எர்காட் என்ற பூஞ்சை பிடிக்கும், அதைச் சாப்பிட்டால் வலிப்பு வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும் என்று. கேட்க ஜோராக இருக்கிறது. அதே வருஷம், அதே பத்திரிகையில் இரண்டு பேர் மறுத்து எழுதிவிட்டார்கள். ஒரே ரொட்டியைத்தானே வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள்? மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை? குற்றவாளி கோர்ட்டுக்குள் நுழைந்ததும் வலிப்பு, அவர் கை பட்டதும் வலிப்பு நின்றுவிடும். பூஞ்சைக்கு இத்தனை டைமிங் கிடையாது.

இரண்டாவது, பங்காளிக் கட்சி. 1974-ல் பாயர், நிஸன்பாம் என்ற இருவர் ஊர் மேப்பையும் வரிக் கணக்கையும் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். குற்றம் சாட்டியவர்கள் பெரும்பாலும் மேற்குப் பக்கம், மாட்டியவர்கள் கிழக்குப் பக்கம். மேற்கில் பட்னம் குடும்பத்தை ஒட்டிய விவசாயிகள். பாதிரியாருக்கு வேண்டியவர்கள். கிழக்கில் டவுன் வியாபாரத்தோடு ஒட்டு உறவு வைத்திருந்தவர்கள். சொத்து, வரப்பு, வரி எல்லாம் சேர்ந்த பழைய பகை.

மூன்றாவதாக, கேரல் கார்ல்ஸன் 1987-ல் எழுதியது. நியூ இங்கிலாந்தில் சூனியக்காரி என்று பேர் வாங்கிய பெண்களில் பலர், அண்ணன் தம்பியோ ஆண் பிள்ளையோ இல்லாமல் சொத்து வரவேண்டியவர்கள். நான்காவது, 2002-ல் மேரி பெத் நார்ட்டன் சொன்னது: யுத்த பயம். வடக்கே மெய்ன் எல்லையில் பழங்குடிகளோடும் பிரெஞ்சுக்காரர்களோடும் சண்டை. வலிப்பு வந்த பெண்களில் சிலர் அங்கே குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டு வேலைக்காரிகளாக வந்து சேர்ந்தவர்கள்.

ரொட்டியைத் தள்ளிவிட்டால், மற்ற மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். வரப்புத் தகராறு எந்த ஊரில் இல்லை? யுத்த பயம் அந்தப் பிராந்தியம் முழுக்க இருந்தது. சூனியத்தை நம்பாத ஆளே அந்தக் காலத்தில் அபூர்வம். விறகு எல்லா ஊரிலும் அடுக்கியிருந்தது. இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படிப் பற்றி எரிந்தது?

* * *

அதற்குக் கோர்ட்டு வாசலுக்குப் போக வேண்டும்.

காலனியின் பழைய சாசனம் 1684-லேயே ரத்து. அப்புறம் லண்டன் அனுப்பிய கவர்னரை 1689-ல் ஜனங்களே பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். சட்டப்படி அரசாங்கமே அந்தரத்தில் தொங்கியது. 1692 மே மாதம் புதுச் சாசனத்தோடு கவர்னர் வில்லியம் ஃபிப்ஸ் கப்பலில் வந்து இறங்கியபோது, ஜெயில் நிரம்பி வழிந்தது. அவசர அவசரமாக ஒரு ஸ்பெஷல் கோர்ட்டு போட்டார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன். அவர் படித்தது இறையியல், சட்டம் இல்லை.

அந்தக் கோர்ட்டு ஏற்றுக்கொண்ட முக்கியமான சாட்சியம் 'உருவ சாட்சி'. அதாவது, 'இந்தக் கிழவியின் உருவம் ராத்திரி வந்து என் கழுத்தை நெரித்தது' என்று ஒரு பெண் சொன்னால் போதும். அந்த உருவம் அவளைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. 'ஐயா, நான் அன்றைக்கு வீட்டில் ஜுரத்தில் படுத்திருந்தேனே, பத்துப் பேர் பார்த்தார்களே' என்று கிழவி சொன்னால்? 'உடம்பு வீட்டில்தான் இருந்தது, உருவம்தான் வந்தது' என்பார்கள். நிரபராதியின் உருவத்தைச் சாத்தான் உபயோகிக்க முடியாது என்பது ஸ்டௌட்டனின் உறுதியான நம்பிக்கை. ஆக, உருவம் வந்தால் ஆள் குற்றவாளி. கேஸ் முடிந்தது.

என் பாஷையில் சொன்னால், செலவு எழுதியவரே வவுச்சர், அவரே கேஷியர், அவரே ஆடிட்டர்!

இதைவிட விபரீதம் இரண்டாவது விதி. எழுதி வைத்த விதியில்லை, நடைமுறையில் வந்தது. 'ஆமாம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டவர்களை அவர்கள் உடனே தூக்கில் போடவில்லை. மற்றவர்கள் மேல் சாட்சி சொல்ல உபயோகப்படுவார்கள் என்று வைத்திருந்தார்கள். ஒப்புக்கொண்டவர்கள் சுமார் 50 பேர். அந்த வாக்குமூலத்தில் நிலையாக நின்ற ஒருவரும் தூக்கு மேடை ஏறவில்லை. சாமுவேல் வார்ட்வெல் என்பவர் ஒப்புக்கொண்டார். மனசு கேட்காமல், 'நான் சொன்னது பொய்' என்று வாபஸ் வாங்கினார். தூக்கு!

'கடவுள் மேல் ஆணையாக நான் நிரபராதி' என்று கடைசி வரை சொன்னவர்கள்தான் மற்ற 18 பேரும். பொய் சொன்னவன் பிழைத்தான், சத்தியம் சொன்னவன் செத்தான். கோர்ட்டு வாசலில் இந்த விலைப் பட்டியலைத் தொங்கவிட்டால் ஜனங்கள் எந்தச் சரக்கை வாங்குவார்கள்? பக்கத்து ஊர் ஆண்டோவரில் 40 பேருக்கு மேல் மாட்டினார்கள். அவர்களில் பல பெண்களைப் புருஷன்மாரும் சொந்தக்காரர்களுமே, 'ஒப்புக்கொள், உயிராவது மிஞ்சும்' என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது, கூட யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்குமூலமும் நாலு புது வாரண்ட் குட்டி போட்டது.

சரி, குற்றம் சாட்டிய பெண் மனசு மாறினால்? மேரி வாரன் என்ற வேலைக்காரிக்கு வலிப்பு வந்தது. எஜமானர் ஜான் ப்ராக்டர் அவளை ராட்டினத்தின் முன் உட்கார வைத்து, 'இன்னொரு தரம் ஆடினாயோ, தோலை உரித்துவிடுவேன்' என்று மிரட்டினார். வலிப்பு நின்றது! இந்தக் கதையை என் அம்மாவிடம் சொன்னபோது, "ஏண்டா, முதல் நாளே ரெண்டு சாத்து சாத்தியிருந்தா அத்தனை உசுரும் பொழச்சிருக்குமே" என்றாள். அம்மாவும் ப்ராக்டரும் ஒரே கட்சி. ஆனால் நடந்தது வேறு. 'மற்றப் பெண்கள் வேஷம் போடுகிறார்கள்' என்று மேரி வாரன் வாய் விட்டதும், மற்றப் பெண்கள் அவளையே சூனியக்காரி என்றார்கள். ஜெயிலில் கொஞ்ச நாள் இருந்தாள். ஒப்புக்கொண்டாள். திரும்ப சாட்சிக் கூட்டத்தில் சேர்ந்து, எஜமானருக்கு எதிராகவே சொன்னாள். ஆகஸ்ட் 19-ல் ப்ராக்டரைத் தூக்கில் போட்டார்கள். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது.

ரெபெக்கா நர்ஸ் என்று 71 வயதுப் பாட்டி. ஊரே மதித்தவர். அக்கம்பக்கத்தார் 39 பேர் அவர் நல்லவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஜூரி முதலில் 'குற்றவாளி இல்லை' என்றது. உடனே கோர்ட்டில் பெண்களின் ஓலம். 'கிழவி சொன்ன ஒரு வார்த்தையை நீங்கள் சரியாகக் கவனித்தீர்களா?' என்று தலைமை நீதிபதி ஜூரியைக் கேட்டார். ஜூரி பாட்டியிடம் விளக்கம் கேட்டது. பாட்டிக்குக் காது மந்தம். கேள்வி விழவில்லை, பேசாமல் நின்றார். தீர்ப்பு மாறியது. ஜூலை 19-ல் தூக்கு.

* * *

இங்கே ஒரு மெட்ராஸ் செய்தி சொல்லியே ஆக வேண்டும்.

அப்போது சேலம் டவுனின் மூத்த பாதிரியார் ஜான் ஹிக்கின்ஸன். 1692 ஜூனில் அவருடைய மகள் ஆன் டாலிவர் மேலேயே சூனியக் குற்றச்சாட்டு வந்து விசாரணை நடந்தது. (தூக்கு வரை போகவில்லை.) அந்தப் பெண்ணின் சகோதரர் நதானியல் ஹிக்கின்ஸன். யார் இவர்? 1688-ல் ஆரம்பித்த நம்ம மெட்ராஸ் கார்ப்பரேஷனின் முதல் மேயர்! சகோதரி மேல் சூனியக் கேஸ் வந்த அதே 1692-ல், அக்டோபரில் அவர் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராகப் பதவி ஏற்றார். பாதிரியார் மகள், கவர்னராகப் போகிறவரின் சகோதரி என்றெல்லாம் அந்த வலை பார்க்கவில்லை. நாதியற்ற மூன்று பேரில் ஆரம்பித்தது நாலே மாதத்தில் பெரிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டது.

* * *

வலிப்புதான் காரணமா, விதிதான் காரணமா? ஒரே கம்பெனிக்கு இரண்டு கிளை. ஒரே சரக்கு, ஒரே வருஷம். ஒன்று திவால், இன்னொன்று தப்பித்தது என்றால் என்ன செய்வோம்? நடைமுறையைத்தானே ஒப்பிட்டுப் பார்ப்போம்? அப்படி ஒரு இரண்டாவது கிளை நிஜமாகவே இருந்தது.

அதே 1692. பக்கத்துக் காலனியான கனெக்டிகட்டில் ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊர். கேதரின் பிராஞ்ச் என்ற 17 வயது வேலைக்காரிக்கு அதே மாதிரி வலிப்பு. ஆறு பெண்களின் பேரைச் சொன்னாள். அங்கேயும் சாத்தானை நம்பினார்கள், அங்கேயும் தெருச்சண்டை உண்டு. ஆனால் இரண்டே பேர் மேல்தான் கேஸ் நடந்தது. இரண்டு பேரையும் கட்டித் தண்ணீரில் போட்டுச் சோதித்தார்கள். மிதந்தார்கள். மிதந்தால் சூனியக்காரி என்பது ஜனங்களின் ஐதீகம். அப்படியும் ஜூரிக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. அவசரப்படவில்லை. மதகுருமார்களிடம் யோசனை கேட்டார்கள். 'தண்ணீர்ச் சோதனையும் செல்லாது, உருவ சாட்சியையும் நம்ப முடியாது' என்று பதில் வந்தது. எலிசபெத் கிளாஸனுக்காக அக்கம்பக்கத்தார் 76 பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர் விடுதலை. இன்னொருவரான மெர்ஸி டிஸ்பரோவுக்குத் தண்டனை விதித்தார்கள். 'நடுவில் ஜூரியில் ஓர் ஆள் மாறியிருக்கிறார், இது செல்லாது' என்று அதையும் நிறுத்தி வைத்தார்கள். ஃபைலில் பேப்பர் சரியில்லை என்று ஓர் உயிர் தப்பியது. குமாஸ்தா புத்தியைக் கேலி செய்கிறவர்கள் கவனிக்க!

இன்னொரு சாட்சியம் சேலத்திலேயே இருக்கிறது. செப்டம்பர் வரை அந்த ஸ்பெஷல் கோர்ட்டு விசாரித்தவர்களில் ஒருவர்கூட விடுதலையாகவில்லை. அக்டோபரில் பாஸ்டன் மதகுருமார்களே உருவ சாட்சியை எதிர்த்தார்கள். கவர்னரின் மனைவி பேரும் அடிபடுகிறது என்று பேச்சு. கவர்னர் கோர்ட்டைக் கலைத்தார். 1693 ஜனவரியில் புதுக் கோர்ட்டு. உருவ சாட்சி கூடாது என்று உத்தரவு. தலைமை நீதிபதி? அதே ஸ்டௌட்டன்! ஊர் அதே, ஜனங்கள் அதே, சாத்தானும் அதே. 50 பேருக்கு மேல் கேஸ் வந்தது. தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். அவர்களையும் கவர்னர் தூக்கிலிருந்து காப்பாற்றிவிட்டார். ஒரே ஒரு விதி மாறியது. கயிற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

* * *

வரவு செலவையும் பார்த்துவிடலாம். கைதிகள் தங்கள் சாப்பாட்டுக்கும், தங்கள் காலில் மாட்டிய விலங்குக்குமே காசு கட்ட வேண்டும். நிரபராதி என்று ஆனாலும் பாக்கியைக் கட்டினால்தான் கதவு திறக்கும். ப்ராக்டர் கைதானதும் ஷெரீஃப் அவர் வீட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார். அடுப்பில் கொதித்த சூப்பைக் கீழே கொட்டிவிட்டுப் பானையையும் எடுத்துப் போனதாக, அந்தக் காலத்திலேயே ராபர்ட் கேலஃப் என்ற வியாபாரி எழுதி வைத்திருக்கிறார். டிடுபாவுக்கு ஜெயில் பாக்கி கட்ட பாதிரியார் பாரிஸ் மறுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்தவளை, பாக்கியைக் கட்டிய எவரோ விலைக்கு வாங்கிப் போனார். சேரா குட்டின் மகளுக்கு நாலைந்து வயசு. அந்தப் பிஞ்சையும் சங்கிலி போட்டு மாசக்கணக்கில் வைத்திருந்தார்கள். பிறகு அவளுக்குப் புத்தி நேராகவே இல்லை. அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் கிடைத்த நஷ்ட ஈடு 30 பவுண்டு.

மன்னிப்பும் கேட்டார்கள். 1697-ல் நீதிபதி சாமுவேல் ஸீவால் சர்ச்சில் எழுந்து நின்று, தன் தவறை வாசிக்க வைத்தார். ஜூரிகள் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். 1706-ல், குற்றம் சாட்டிய பெண்களில் முக்கியமான ஆன் பட்னம் கேட்டாள். ஸ்டௌட்டன் கடைசி வரை கேட்கவில்லை.

1953-ல் ஆர்தர் மில்லர் இந்தக் கதையை 'தி குரூசிபில்' என்று நாடகமாக எழுதியபோது, அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்துகொண்டிருந்தது. 'ஆமாம், இருந்தேன். கூட இருந்தவர்கள் இன்னார் இன்னார்' என்று சொன்னவர்களுக்கு வேலை மிஞ்சியது. சொல்ல மறுத்தவர்களுக்குப் பட்டினி. கயிறு மட்டும்தான் இல்லை. விலைப் பட்டியல் அதேதான்.

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத ஆள் மேரி ஈஸ்டி. ரெபெக்கா நர்ஸின் தங்கை. தூக்குத் தண்டனை விதித்த பிறகு கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதினாள். 'என்னை விட்டுவிடுங்கள்' என்று கேட்கவில்லை. தான் சாகப் போவது தெரியும் என்றாள். இனிமேல் நிரபராதிகள் சாகக் கூடாது என்று இரண்டு யோசனை சொன்னாள். வலிப்பு வரும் பெண்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து விசாரியுங்கள். ஒப்புக்கொண்டவர்களையும் சோதித்துப் பாருங்கள். எந்த ஆடிட்டரும் முதல் நாள் செய்யும் வேலை இது. படித்த நீதிபதிகளுக்குத் தோன்றாதது ஒரு விவசாயி மனைவிக்குத் தோன்றியது. செப்டம்பர் 22-ம் தேதி அவளையும் தூக்கில் போட்டார்கள். கடைசித் தூக்கு நாள் அதுதான். அடுத்த மாதம் கோர்ட்டே கலைந்தது.

கணக்கு முழுசாக முடிந்தது எப்போது தெரியுமா? 1693-ல் தண்டனை பெற்று, தூக்கிலிருந்து தப்பிய மூன்று பேரில் ஒருத்தி எலிசபெத் ஜான்ஸன். 1711-ல் பலருடைய பேரைச் சட்டம் போட்டுத் துடைத்தார்கள். பின்னால் மறுபடியும் துடைத்தார்கள். இவள் பேர் மட்டும் விட்டுப் போயிற்று. கல்யாணம் ஆகாதவள், கேட்கப் பிள்ளை குட்டி இல்லை. நார்த் ஆண்டோவர் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் டீச்சரோடு சேர்ந்து பழைய தஸ்தாவேஜுகளைத் துருவி, சட்டசபைக்கு எழுதி, விடாமல் நச்சரித்து, 2022-ல் அவள் பேரையும் துடைக்க வைத்தார்கள்.

329 வருஷம் பெண்டிங். பிள்ளைகள் செய்ததும் மேரி ஈஸ்டி கேட்டதைத்தான். பேப்பரை எடுத்துச் சரிபார்த்தார்கள்.